ஐம்பத்தையாயிரத்து நானூற்று நாற்பத்தோரு பேர்

ஆவிமலைப் பள்ளத்தாக்குக்கு அரசாங்கம் முதன்முதலாக மேசைகளாகத்தான் வந்தது. லாரி லாரியாக மேசைகள் எல்லைப் பாலத்தைத் தாண்டி வந்து, தோட்டத்துக்குத் தோட்டம் பிரட்டுக்களத்தில் இறங்கி, விடியற்காலையில் கொழுந்துக் கூடையோடு சனம் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற அதே இடத்தில் வரிசையாக நின்றன. மேசைகளுக்குப் பின்னால் நாற்காலிகளும், நாற்காலிகளில் ஆட்களும், ஆட்களின் கையில் ஒரு ஒப்பந்தத்தின் நகலும் வந்து சேர்ந்தன. தலைமுறை தலைமுறையாகக் காட்டை அழித்துத் தேயிலை நட்டு, அட்டைக்கு ரத்தமும் துரைக்கு வேர்வையும் கொடுத்த சனத்தை, கடலுக்கு இந்தப் பக்கத்து அரசும் அந்தப் பக்கத்து அரசும் உட்கார்ந்து பங்கு போட்டிருந்தன. ஏழு பேர் கடலைத் தாண்டிப் போனால் நாலு பேர் இங்கே இருக்கலாம். ஏழுக்கு நாலு. பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே கணக்கு, ஒருவரையும் மீதி வைக்கக் கூடாது என்று அந்தத் தாளில் அழுத்தமாக எழுதியிருந்தது. எழுதியவர்கள் அதைக் கருணை என்று நினைத்திருப்பார்கள்.

எண்ணினார்கள். கைப்பிள்ளையும் ஓர் ஆள், படுக்கையில் கிடக்கிற கிழமும் ஓர் ஆள், சிறையிலிருந்து அன்று காலைதான் திரும்பியவனும் ஓர் ஆள் என்று எல்லோரையும் எண்ணி முடித்தபோது ஐம்பத்தையாயிரத்து நானூற்று நாற்பத்தொன்று என்று வந்தது. பிறகு பதினோரு பதினோரு பேராக நிறுத்தி, ஏழு பேரை ஆற்றுப் பக்கமும் நாலு பேரை மலைப் பக்கமும் தள்ளிக்கொண்டே போனார்கள். கடைசிப் பதினொன்றும் பிரிந்து போன பிறகு களத்தின் நடுவில் ஒரே ஒரு ஆள் நின்றார். நரைத்த மீசை, முழங்கால் வரை மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் நாலாக மடித்த நோட்டீசு. அவர் சடையாண்டி.

"இந்த ஆளை எந்தப் பக்கம் போடுறது?" என்று பெரிய அதிகாரி கேட்டார்.

"அதத்தான் நானும் ஒங்களக் கேக்கலாமுன்னு நின்னேன்" என்றார் சடையாண்டி.

பள்ளத்தாக்கு சிரித்தது. சடையாண்டியைப் பற்றிப் பள்ளத்தாக்குக்குத் தெரியும். பட்டணத்துச் சங்கத்துப் பெரிய தலைவர்கள் காரில் வந்து மாலை வாங்கிக்கொண்டு துரை பங்களாவில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன காலத்திலேயே, அந்த மாலையைக் கழற்றித் துரையின் நாய்க்குப் போட்டு வேலை இழந்தவர். பள்ளிக்கூடம் கண்டதில்லை. எழுத்துக் கூட்டியதே துண்டுப் பிரசுரத்தில். உலகம் உருண்டை என்பதையும் உழைப்பு திருடப்படுகிறது என்பதையும் ஒரே நாளில் படித்தவர் என்பதால் இரண்டையும் ஒரே கோபத்தோடுதான் பேசுவார். மூன்று சிறைகளைப் பார்த்தார். அவர் கூட்டிய வேலைநிறுத்தங்களில் வென்றவை குறைவு. தோற்றவற்றில் எவன் எவன் காட்டிக்கொடுத்தான் என்பதை மட்டும் மறக்காமல் வைத்திருந்தார். மனைவி இறந்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரே மகள் பூவாயி.

மீதி இல்லாமல் பிரிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அடுத்த வாரம் மறுபடி எண்ணினார்கள். இடையில் இரண்டு கிழவர்கள் செத்திருந்தார்கள், ஒருத்தியை மரம் விழுந்து கொன்றிருந்தது. ஆனாலும் எண் அதேதான். இந்த முறை மீதியாக நின்றவர் மேல்தோட்டத்து முடிதிருத்துகிறவர். அதற்கடுத்த முறை ஓர் ஐந்து வயதுப் பெண். பெரிய அதிகாரி தலைநகரத்துக்குத் தந்தி கொடுத்தார். தலைநகரம் மறு தலைநகரத்தோடு பேசி, சரிபாதியாக வைத்துக்கொள்வோம் என்றது. இரண்டு வரிசை நிறுத்தினார்கள், ஒருவர் மீந்தார். இரண்டுக்கு ஒன்று என்றார்கள், ஒருவர் மீந்தார். மூன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு, ஐந்துக்கு ஒன்று, நாலுக்கு மூன்று என்று இரண்டு தலைநகரங்களும் கத்திரிக்காய் பேரம் பேசுவதுபோல் தந்திக்குத் தந்தி பேரம் பேசி, பங்கை எட்டாக்கி, ஒன்பதாக்கி, பத்தாக்கி, பன்னிரண்டாக்கிப் பார்த்தபோதும் ஒவ்வொரு முறையும் களத்தின் நடுவில் ஒரே ஓர் ஆள், எந்த நாட்டுக்கும் இல்லாமல், மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றார். கடைசியில் அதிகாரிக்குப் பொறுமை போய், அன்றைக்கு மீந்த ஆளை ஜீப்பில் ஏற்றிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். ஜீப் திரும்பி வருவதற்குள் கீழ்த்தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகள் ஒன்றில், ஒரு குழந்தை அழுதது. எண்ணிப் பார்த்தார்கள். ஐம்பத்தையாயிரத்து நானூற்று நாற்பத்தொன்று.

என்ன நடக்கிறது என்று அதிகாரிகளுக்கு முன்பே மருத்துவச்சி அருளாயிக்குத் தெரிந்திருந்தது. மேசைகள் வந்த நாளிலிருந்து பள்ளத்தாக்கில் பிள்ளைகள் தானாகப் பிறக்கவில்லை. மாதம் நிறைந்தும் வலி வராமல், வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டும் விக்கிக்கொண்டும், கதவு திறக்கட்டும் என்று வாசலில் நிற்கிறவர்களைப்போல் அவை காத்திருந்தன. எங்கேயாவது ஒரு லயத்தில் ஒரு மூச்சு நின்றால், அல்லது யாராவது பாலத்தைத் தாண்டிப் போய்விட்டால், அந்தக் கணமே, யார் எல்லோரையும்விட நீண்ட காலம் சுமந்தாளோ அவளுக்கு இடுப்பு நொந்தது.

பள்ளத்தாக்கு இதற்கும் பழகியது. கொழுந்தில் ராத்தல் குறைந்தால் அரைச் சம்பளம் என்பதற்குப் பழகிய சனம், தண்ணீர்ப் பீலி வற்றினால் ஓடைக்கு நடக்கப் பழகிய சனம், இதற்கா பழகாது? ஒரு வருஷத்துக்கு மேல் சுமக்கிற பெண்களுக்கு மேட்டுத் தேயிலை நிரைகள் வேண்டாம், பாதையோர நிரை போதும் என்று கணக்கப்பிள்ளைகள் தாங்களாகவே ஒதுக்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் தொட்டில்கள் குறைந்து, அதே காம்பராவில் கனத்த வயிற்றுக்காரிகள் சுவரில் சாய்ந்து, உள்ளேயிருக்கிறதற்கே தாலாட்டுப் பாடினார்கள். நோயாளியைப் பார்க்கப் போவது வெட்கமான காரியமாயிற்று. கர்ப்பிணியின் மாமியார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்றால், "இன்னும் இல்ல, போயிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து கிழவர்கள் குரல் கொடுத்தார்கள். சாவுக்கும் பிறப்புக்கும் ஒரே தப்புப் பறையைத்தான் அடித்தார்கள். பிறந்த பிள்ளைக்குச் செத்தவரின் பெயரை வைப்பது வழக்கமாயிற்று, பிள்ளையின் தகப்பன் பாடையின் ஒரு முனையைத் தூக்கிப்போவதும் வழக்கமாயிற்று; அழுகிற வீட்டுக்குச் சர்க்கரையும் சிரிக்கிற வீட்டுக்கு வாய்க்கரிசியில் ஒரு பிடியும் போயின.

மேசைக்காரர்களில் ஞானச்சந்திரன் என்று ஒரு கிளாக்கர் இருந்தான். வடக்கிலிருந்து வந்தவன், மூக்குக்கண்ணாடிக்காரன், கணக்கு என்றால் சோற்றை மறப்பவன். ஒரு நாள் மத்தியானம் அவன் சடையாண்டியைத் தேத்தண்ணிக் கடையில் பிடித்தான்.

"ஐயா, இந்த எண்ணை நான் விட்டுவைக்கேல்லை. பதின்மூண்டாலே பாத்தன், பதினேழாலே பாத்தன், இருநூத்து முப்பத்தஞ்சு வரைக்கும் பிரிச்சுப் பாத்தன். ஒண்டும் பிரிக்கேலாது."

"அதுக்கு மேல?"

"மேலே பார்க்கத் தேவையில்லை. அதைவிடப் பெரிய எண் ஒண்டு இதைப் பிரிக்குமெண்டால், அதின்ரை சோடி கீழேயே அகப்பட்டிருக்கும். இது பகா எண், ஐயா. உங்கடை சனத்தைச் சமமாப் பங்கு போட உலகத்திலை ஒரு வழியுமில்லை."

சடையாண்டி தேத்தண்ணியைக் கீழே வைத்தார். சிறையில் அடித்தபோது கலங்காத கண் கலங்கியது. ஆயுள் முழுக்க மேடை மேடையாகப் பிரியாதீர்கள் பிரியாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தியும், சாதி சொல்லிப் பிரிந்தார்கள், சங்கம் சொல்லிப் பிரிந்தார்கள், அரைப்போத்தல் சாராயத்துக்குப் பிரிந்தார்கள். இப்போது ஓர் எண், யாரும் கத்தாமலே, பிரியமாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தது.

"ஆனால் ஒண்டு" என்றான் கிளாக்கர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "ஒரே ஒரு ஆள் குறைஞ்சு புது ஆள் வராமல் போனால், ஐம்பத்தையாயிரத்து நானூத்து நாற்பது. அது ரெண்டாலே பிரியும், மூண்டாலே பிரியும், பன்னிரண்டு வரைக்கும் எல்லாத்தாலையும் பிரியும். பதினொண்டாலே அச்சொட்டாப் பிரியும். அதுக்குக் கீழே உள்ள ஒரு எண்ணும் அவ்வளவு வழியாலே உடையாது. இரும்புக்கும் அப்பளத்துக்கும் நடுவிலை ஒரே ஒரு ஆள்தான் நிக்கிறார்."

சடையாண்டியின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. பெருமைக்காரர்களின் காது அப்படித்தான். அந்த வாரமே நோட்டீசு அடித்தார். நாங்கள் பகா எண், எங்களைப் பங்கு போட முடியாது என்று மேலே பெரிதாக. கீழே, எவரும் பாலத்தைத் தாண்ட வேண்டாம், கடவுச்சீட்டுக்கு ஆசைப்பட்டு எண்ணைக் காட்டிக்கொடுக்க வேண்டாம், ஒருவருடைய துன்பத்துக்காக எல்லோரையும் விற்காதே என்று. சனம் அதைப் படித்தது, படிக்கத் தெரியாதவர்கள் பாட்டாகப் பாடினார்கள், பள்ளத்தாக்கில் முதன்முறையாக ஒரு தீர்மானம் ஒரு கருங்காலியும் இல்லாமல் நிறைவேறியது.

நிறைவேறியதன் சுமை முழுவதும் பெண்களின் இடுப்பில் இருந்தது. யாரும் போகாததால் பிள்ளைகள் மேலும் மேலும் காத்திருந்தன. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சடையாண்டி இரண்டாவது தீர்மானத்தைக் கொண்டுவந்தார்: மேசைகள் திரும்பிப் போகிற வரைக்கும் இனி ஒருத்தியும் வயிறு வாய்க்க வேண்டாம், ஆண்கள் எல்லோரும் பாயைப் பிரித்துப் போடுங்கள்.

"இதுக்குமா தலைவரே சங்கத்துல கை தூக்கணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தூக்கச் சொல்லு, தூக்குறவன் கைய இன்னைக்குத்தான் நான் பாக்கணும்" என்றாள் இன்னொருத்தி. களம் குலுங்கிச் சிரித்தது. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டே கை தூக்கினார்கள். தூக்கிய கையை இறக்காமல் தீர்மானத்தைக் காப்பாற்றவும் செய்தார்கள். இரக்கத்தில் செய்த காரியம். ஆவிமலைச் சனத்தை அழித்ததெல்லாம் அநேகமாக இரக்கம்தான்.

காலம் போனது. கிழவர்கள் செத்தார்கள், காத்திருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன, பிள்ளைக்காம்பராவில் சுவரில் சாய்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். புதிதாக ஒருத்தியும் வந்து சாயவில்லை. பூவாயியின் புருஷன் சிங்காரம் மண்சரிவில் போனான். அவன் போன இடத்துக்கு மேல்தோட்டத்து மூக்காயிக்கு ஆண்பிள்ளை பிறந்தது, வழக்கப்படி சிங்காரம் என்று பெயர் வைத்தார்கள். பூவாயி தன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மேடேறிப் போய் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் சடையாண்டி பிள்ளைக்காம்பராவைத் தாண்டிப் போனபோது சுவரோரம் ஒரே ஒருத்தி சாய்ந்திருந்தாள். அவர் மகள். அப்போதுதான் கிளாக்கர் சொன்னதின் பின்பாதி அவர் காதுக்குள் விழுந்தது. எண்ணைக் காத்தது சங்கம் அல்ல, தீர்மானம் அல்ல, அவருடைய நோட்டீசும் அல்ல. பிறக்காத பிள்ளைகள்தான் மதில். அந்த மதிலைக் கல் கல்லாக எடுத்தவர் அவர். கடைசிக் கல் அவர் மகளின் வயிற்றில் இருந்தது. இப்போது ஒருவர் செத்தால் பூவாயிக்குப் பிள்ளை பிறக்கும். அதற்கடுத்து ஒருவர் செத்தால் எண் உடையும். எண் உடைந்தால் லாரிகள் வரும்.

பள்ளத்தாக்கும் இதைக் கணக்குப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து ஆவிமலையின் நோயாளிகளைப்போல் சுகமாக வாழ்ந்தவர்கள் உலகத்தில் இல்லை. கீழ்லயத்து ஒச்சப்பன் எல்லோரிலும் கிழம், நெஞ்சுச் சளி. அவருக்கு முட்டையும் பிராந்தியும் ஆட்டுக்கால் ரசமும் முறைவைத்து வந்தன, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், என்னைச் சாக விடுங்கடா" என்றார் ஒச்சப்பன்.

"அடுத்த மாசம் சாவலாம் தாத்தா, இந்தா ரசம்."

"போன மாசமும் இதயேதான்டா சொன்ன."

பூவாயியின் கால் வீங்கித் தும்பிக்கைபோல் ஆகியிருந்தது. உதடு கறுத்திருந்தது. அருளாயி அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சடையாண்டியின் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சொன்னாள்: "இனி தாங்காது அண்ணே. புள்ள கெட்டியாத்தான் இருக்கு. தாயிதான் உருகுது."

சங்கக் கமிட்டி அன்று மாலை அவர் வாசலிலேயே கூடியது. அவர் வளர்த்த ஆட்கள், அவர் கையால் எழுத்துக் கூட்டியவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொருளாளர் தங்கராசுதான் வாயைத் திறந்தான்.

"தலைவரே, பூவாயி எங்களுக்கும் தங்கச்சிதான். ஆனா... அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அருளாயி அக்கா புள்ளய எடுத்துரும். ஒண்ணு போனா ஒண்ணு வரும். எண்ணு நிக்கும். நம்மளால போன உசுருன்னும் ஆவாது."

"அதுக்குப் பெறகு மறுபடி வயிறு வாய்க்கச் சொல்லலாம்" என்றான் இன்னொருவன். "பத்து மாசம் ஒச்சப்பனத் தாங்கிப் புடிச்சாப் போதும்."

தங்கராசு தன் சட்டைப் பையிலிருந்து நோட்டீசை எடுத்தான். மடிப்பில் கிழிந்து, ஒட்டுப் போட்டு வைத்திருந்தான். "நீங்கதான எழுதுனீங்க தலைவரே. ஒருவருடைய துன்பத்துக்காக எல்லோரையும் விற்காதே." மனப்பாடமாகத் தெரிந்ததைத்தான் தாளைப் பார்த்து வாசித்தான், அவரைப் பார்க்காமலிருக்க.

சடையாண்டி உள்ளே போனார். காம்பராவில் அடுப்புப் புகை. பூவாயி ஒருக்களித்துக் கிடந்தாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

"ம்."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, அப்பா. ஒண்ணும் தப்பில்ல."

"வாய மூடு."

"சின்னதுல ஒங்களப் பாக்க செயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க அம்மா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, தோட்டத்துல எல்லாரும் ஒத்துமையா இருக்காங்களான்னு கேப்பீங்க. நான் சாப்புட்டேனான்னு கேட்டதில்ல." அவள் மூச்சு வாங்கினாள். கோபமாகச் சொல்லவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "இப்பக் கேளுங்க."

"சாப்புட்டியா?"

"எறங்கல, அப்பா."

மறுநாள் காலை, பிரட்டுக்குச் சனம் கூடுவதற்கு முன், சடையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லைப் பாலத்தை நோக்கி நடந்தார். யோசித்துத்தான் நடந்தார். நான் போனால் பிள்ளை பிறக்கும், எண் குறையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம், கடையில், உட்கார்ந்துகொள்வேன். நிறைந்த எண்ணுக்குள் நுழைய இடமில்லை என்று வயிற்றுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? ஒச்சப்பன் சாகட்டும். தப்புச் சத்தம் கேட்டதும் நான் உள்ளே வருவேன். பிள்ளைகள் இல்லாவிட்டால் என்ன, இனி பள்ளத்தாக்கின் வாசலில் காத்திருக்கப் போகிறவன் நான். ஆயுளில் அவர் போட்ட திட்டங்களிலேயே ஓட்டை இல்லாத திட்டம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. பாலத்தின் கடைசிப் பலகையில் கால் வைத்துத் தாண்டியபோது திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரன் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். முதல் தேத்தண்ணி வருவதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து தப்புச் சத்தம் வந்தது, பிறப்புக்கு அடிக்கிற துள்ளல் அடி. பெண்பிள்ளை என்று பாலத்து ஓரமாக ஓடிவந்து யாரோ கத்தினார்கள். வழக்கப்படி, போனவரின் பெயர். சடையம்மா.

அவர் மறந்தது கிளாக்கரை. ஞானச்சந்திரன் கெட்டவன் அல்ல. அந்த எண்ணை அவனைவிட ஆசையாகப் பார்த்தவன் பள்ளத்தாக்கில் இல்லை. ஆனால் காத்திருக்கிற வயிறு ஒன்றும் இல்லை, வெளியே ஒரே ஓர் ஆள் இருக்கிறார் என்பது அவனுக்குக் கணக்காகப் பட்டது, கணக்காகப் பட்டதை மேலதிகாரியிடம் சொன்னான். மத்தியானத்துக்குள் பாலத்தில் தடுப்புமரம் போட்டுத் துப்பாக்கியோடு இரண்டு பேர் நின்றார்கள்.

ஒச்சப்பன் அந்த வாரமே செத்தார். ரசத்தைத் தட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒருவரையும் கேட்காமல் செத்தார். தப்பு அடித்தது, ஒற்றை அடி, துள்ளல் இல்லாத அடி. சடையாண்டி கிளாசைப் போட்டுவிட்டு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதைப் பார்த்துக் கடைக்காரன் எழுந்து நின்றான்.

"கடவுச்சீட்டு" என்றான் காவல்காரன்.

"நான் இந்தப் பள்ளத்தாக்கு ஆளுடா. உள்ள ஒண்ணு குறையுது, என்னைய விடு."

"கணக்குல நீ இல்ல பெரியவரே."

தடுப்புமரத்தைப் பிடித்து உலுக்கினார். துப்பாக்கிக் கட்டையால் விரல்மேல் அடித்தார்கள். அங்கேயே, பலகைமேல் உட்கார்ந்து, பள்ளத்தாக்கிலிருந்து காற்றில் வந்த குரலைக் கேட்டார். ஏழு, நாலு. ஏழு, நாலு. ஏழு, நாலு. களத்துக்குக் களம் அந்தக் குரல் நகர்ந்துகொண்டே போய், கடைசிக் களத்தில் நாலு என்று முடிந்து, நின்றது. அதற்குப் பிறகு ஒன்று என்ற சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். அது வரவில்லை. ஐம்பத்தையாயிரத்து நானூற்று நாற்பது பேரும் நமத்துப்போன அப்பளம்போல் ஒரு சத்தமும் இல்லாமல் உடைந்திருந்தார்கள். முப்பத்தையாயிரத்து இருநூற்று எண்பது பேர் கடலுக்கு. இருபதாயிரத்து நூற்று அறுபது பேர் மலைக்கு.

வரிசையில் பூவாயி ஏழாவதாக நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த பிள்ளை எட்டாவது.

லாரிகள் பாலத்துக்கு வந்தபோது தடுப்புமரத்தைத் தூக்கிவிட்டார்கள். லாரிக்குப் பின் லாரியாகச் சனம், பாத்திரங்களும் அம்மிக்கல்லும் கோழிக்கூடையுமாக, நின்றுகொண்டே வந்தது. எவரும் அழவில்லை, அழுது முடித்திருந்தார்கள். தங்கராசு ஒரு லாரியில் போனான், சடையாண்டியைப் பார்த்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். மேசையை எடுத்துக்கொண்டு பாலத்தின் முனையில் உட்கார்ந்து லாரிகளைக் குறித்துக்கொண்டிருந்த ஞானச்சந்திரன் தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னான்.

"ஐயா, நான் ரெண்டு பங்கையும் பாத்திட்டன். ஏழுப் பங்கோடை ஒராள் சேர்ந்தால் அதுவும் பகா எண். நாலுப் பங்கோடை ஒராள் சேர்ந்தால் அதுவும் பகா எண். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கத்தை இனி உடைக்கேலாது. அங்காலை கப்பலுக்கும் முகாமுக்கும் எண்டு பிரிக்கப் போயினம். இஞ்சாலையும் தோட்டம் தோட்டமாப் பிரிக்கப் போயினம்." பேனா நின்றது. "ரெண்டு பக்கமும் போகேலாது."

"இத ஏன் எங்கிட்டச் சொல்ற?"

"வேறை ஆருக்குச் சொல்லுறது?" என்றான் கிளாக்கர். கண்ணாடிக்குள் அவன் கண் சிவந்திருந்தது. சடையாண்டிக்கு அவன்மேல் துப்பத் தோன்றியது. வாய் உலர்ந்திருந்தது.

பூவாயி வந்த லாரி பாலத்தின் நடுவில் முன்லாரிக்காக நின்றது. அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் பாலில் நனைந்து ஒட்டியிருந்தது. சடையாண்டி ஓடிப்போய் லாரியின் பக்கப்பலகையைப் பற்றினார். ஒரு காலைச் சக்கரத்தின்மேல் வைத்துவிட்டார்.

"ஏறாதீங்க" என்றாள்.

"ஒன்ன விட்டுட்டு எங்கடி போறது?"

"அங்க அருளாயி அக்கா கையில இருக்கா. ஒங்க பேருதான்." அவள் குனிந்து, சக்கரத்தின்மேல் இருந்த அவர் காலைத் தன் கண்ணால் தள்ளுவதுபோல் பார்த்தாள். "நாங்க ஒடஞ்சுட்டோம் அப்பா. இந்த லாரியிலயே ஒருத்தர ஒருத்தர் பாக்காமத்தான் நிக்கிறோம். அது இன்னும் ஒண்ணும் அறியாதது. போங்க."

ஆயுளில் யார் பேச்சையும் கேட்டறியாத மனிதர். துரை சொன்னதைக் கேட்கவில்லை, தலைவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை, பெண்டாட்டி சாகும்போது சொன்னதையும் கேட்கவில்லை. காலைச் சக்கரத்திலிருந்து இறக்கினார். லாரி நகர்ந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்து, வேறு ஒன்றைக் கேட்டார்.

"சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்" என்று பூவாயி பொய் சொன்னாள். லாரி வளைவில் மறைந்தது.

காவல்காரர்கள் அடுத்த லாரியின் கோழிக்கூடையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஞானச்சந்திரன் பேனாவுக்கு மை நிரப்பக் கீழே குனிந்தான்; அவசியத்துக்கு மேல் நீண்ட நேரம் குனிந்தே இருந்தான். சடையாண்டி எதிரும் புதிருமாக வந்த லாரிகளுக்கு நடுவே, வீங்கிய விரல்களை மடக்கிக்கொண்டு, பள்ளத்தாக்குக்குள் நடந்தார்.

பிரட்டுக்களத்தில் நாலுப் பங்குச் சனத்தைத் தோட்டத்துக்கு இத்தனை என்று நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அருளாயியின் கையில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பால் லாரியில் போய்க்கொண்டிருந்தது. வரிசையிலிருந்து மேல்தோட்டத்து மூக்காயி, தன் சிங்காரத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அழுகை அடங்கியது. சடையாண்டி அவளுக்கு அடுத்து, வரிசையின் கடைசியில், போய் நின்றார்.

எண்ணி முடித்தபோது ஓர் ஆள் மீந்தார்.

"மறுபடி எண்ணு" என்றார் பெரிய அதிகாரி. இருபதாயிரத்து நூற்று அறுபத்தொன்று என்று வந்தது. இரண்டாகப் பிரித்தார்கள், ஏழாகப் பிரித்தார்கள், பன்னிரண்டாகப் பிரித்தார்கள். களத்தின் நடுவில் அந்த நரைத்த மீசைக்காரர் நின்றார். நிற்க முடியாதபோது உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைக் கண்டு பள்ளத்தாக்கு பயந்துபோய், ஒச்சப்பனுக்கு வைத்த அதே சட்டியில் ரசம் வைத்துக் கொண்டுவந்து அவர் முன் நீட்டியது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஏழுப் பங்கைக் கப்பலுக்கும் முகாமுக்கும், முகாமிலிருந்து சாலை போடவும் கல் உடைக்கவும் என்று எத்தனை வழியாக உடைக்க முடியுமோ அத்தனை வழியாக உடைத்துவிட்டதாகப் பிற்பாடு செய்தி வந்தது. பூவாயி எந்தத் துண்டோடு போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று சடையாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஒச்சப்பன் திரும்பியதைப்போலவே திரும்பினார். அப்போது மூக்காயி உள்ளே வந்து, பால் குடித்து முடித்த பிள்ளையை அவர் முதுகோடு ஒட்டிக் கிடத்திவிட்டு, "வெளியில மேசைய எடுத்துப் போட்டுட்டாங்க தலைவரே, ஒங்களக் காணோமுன்னு தேடுறாங்க" என்றாள்.

சடையாண்டி பிள்ளை பக்கம் திரும்பினார். பிறகு ரசத்தைக் கேட்டு வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எண்ணப்படுவதற்காகக் களத்துக்கு இறங்கிப் போனார்.